குளிப்பாட்டியவள் கண்டது

முன்னால் பதினான்கு பேர் நின்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு பன்னிரண்டு பேர்தான். வரிசையில் நிற்க நிற்க முன்னால் இருப்பவர்கள் குறைவதுதான் ஊர் உலக வழக்கம், உமைனாவுக்கு மட்டும் கூடிக்கொண்டே போனார்கள், கூட்டியது அவளேதான். கைக்குழந்தைக்காரி ஒருத்தியை நீ முன்னால போம்மா என்று விட்டாள், முழங்கால் வீங்கிய கிழவர் ஒருவரை நீங்க போங்க பெரியவரே என்று விட்டாள், கிழவர் கண்கலங்கி வாழ்த்திவிட்டு வேறு போனார். வாழ்த்தட்டும். மலத்தியாவில் இன்றைக்கு வாழ்த்துக்குப் பஞ்சமில்லை, மற்ற எல்லாவற்றுக்கும்தான் ஏழு மாதமாகப் பஞ்சம். வடக்கு வாசலுக்கு வெளியே வாதுமைத் தோப்பு இருந்த இடம் இது. முற்றுகை போட்ட பைசாந்தியப் படை, ஊர்க்காரர்கள் வாயில் ரூமிகள், குளிர் வந்ததும் மரங்களை வெட்டி எரித்துவிட்டது. மிச்சமிருப்பது அடிக்கட்டைகள், அவற்றுக்கு நடுவே இரண்டு கூடாரங்கள். ஒன்றின் உச்சியில் சிலுவை, இன்னொன்றின் உச்சியில் ஒன்றுமில்லை. நகரம் விழுந்த நாளிலிருந்து தண்டோராக்காரன் தொண்டை கிழியக் கத்திய சேதி இதுதான். சிலுவைக் கூடாரத்துக்குள் போய் அவர்கள் மார்க்கத்தை ஏற்றால் வீடும் பொருளும் பிடிபட்ட பிள்ளைகுட்டியும் திரும்பக் கிடைக்கும். என் மார்க்கம் எனக்குப் போதும் என்கிறவர் அடுத்த கூடாரத்துக்குப் போகலாம், உயிருக்கு உத்தரவாதம் உண்டு, எல்லை வரைக்கும் காவல் உண்டு, உடுத்திய துணியோடு நடக்க வேண்டியது. பிடிபட்டவர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. மேற்குக் கோபுரத்தின் தலையைச் சூரியன் தொடும்போது முரசு அடிக்கும், அதுவரை யாரும் வந்து கேட்காத பெண்களை வண்டியேற்றி ரூமி தேசத்துக்குக் கொண்டுபோவார்கள். அதோ வண்டிகள், அதோ அசைபோடும் மாடுகள், அதோ முள்வேலி போட்ட பட்டி, அந்தப் பட்டிக்குள் எங்கோ உமைனாவின் மகள் லுபாபா, பதினாறு வயது. பெற்றவள் ஓடிப்போய் முதல் ஆளாக நின்றிருக்க வேண்டாமா? விடிந்ததும் வந்து நின்றவள்தான். முன்னே போக முடியாமல் நிற்கிறாள். சூரியன் கோபுரத்துக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது.

"ஏன் லாத்தா, எல்லாரையும் முன்னால விட்டுட்டு நீங்க பின்னாலயே நிக்கிறீங்க?" என்று கேட்டாள் கவ்லா. அவள் வரிசையில் இல்லை, வரிசைக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள், வெறும் துணைக்கு. அடுத்த வீட்டுக்காரி, உமைனாவை அக்கா முறையில் லாத்தா என்பாள், ஒரே சுவர், பதினொரு வருஷமாக ஒருத்தி இருமினால் இன்னொருத்திக்குக் கேட்கும். "பெரியவங்கல்ல, பாவம்" என்றாள் உமைனா. கவ்லா தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பதும், வேறு எதையோ நம்புகிறாள் என்பதும் உமைனாவுக்குத் தெரிந்தது. "எனக்குப் புரியுது லாத்தா. இத்தனை வருஷம் மையத்துக் குளிப்பாட்டின கை. அந்தக் கூடாரத்துக்குள்ள போகக் கால் வருமா? இவங்களையெல்லாம் பாருங்க, சந்தைக்குப் போற மாதிரிப் போறாங்க. உங்களுக்கு மட்டும்தான் மனசு அடிச்சுக்குது. ஆனா புள்ளைக்காகப் போறீங்க. அல்லாஹ் அறிவான்." செத்த பெண்களின் உடம்பைக் குளிப்பாட்டுவது உமைனாவின் தொழில். மனசு அடித்துக்கொள்வது உண்மை. எதற்காக அடித்துக்கொள்கிறது என்று இந்தப் பைத்தியக்காரிக்குத் தெரிந்தால்? "நீ ஏன் வெயில்ல காயுறே, உன் கூடாரத்துக்குப் போயேன், நிழலாவது இருக்கும்" என்றாள், காலையிலிருந்து ஐந்தாவது தடவையாக. "போறேன் லாத்தா. எனக்கு இங்க கேட்டு வாங்க யாரு இருக்கா? வீடு குடுப்பாங்களாம். மூணு புள்ளைங்களும் கிடந்த அந்தத் தரையில நான் எப்படிப் படுக்கிறது? நான் நடந்துதான் போறேன். ஆனா லுபாபாவை ஒரு தரம் கண்ணால பார்த்துட்டுப் போறேன். காய்ச்சல்ல கிடந்த புள்ளை, நாலு மாசமா வெளியவே வரல, என்ன கோலத்துல இருக்காளோ." இதுதான். காலையிலிருந்து உமைனாவைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது இந்த அன்புதான். பகையாளியாக இருந்தால் ஒரு வார்த்தையில் விரட்டிவிடலாம். கவ்லா அந்த வெறுங்கூடாரத்துக்குள் போன பிறகுதான் லுபாபா பட்டியை விட்டு வெளியே வர வேண்டும், முரசு அடிப்பதற்குள் வர வேண்டும், இந்த இரண்டும் நடக்க வேண்டும். ஏனென்றால் லுபாபாவுக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. லுபாபா இளைக்கவில்லை. ஊரில் பூனையைத் தின்றார்கள், செருப்புத் தோலை அவித்துத் தின்றார்கள், சுவரைச் சுரண்டி நக்கியவர்களும் உண்டு, லுபாபாவின் கன்னம் மட்டும் போன வருஷம் இருந்த மாதிரியே இருந்தது. அதை மறைக்கத்தான் நாலு மாதக் காய்ச்சல்.

மாவு. எல்லாம் அந்த மாவிலிருந்து வந்தது. இல்லை, மாவுக்கு முன்னால் வயிறு, ஹம்தூனுடைய உம்மாவின் வயிறு. முற்றுகையின் மூன்றாம் மாதக் கடைசியில் மாவு வணிகர் ஹம்தூன் வீட்டிலிருந்து ஆள் வந்தது, உம்மா மவுத்தாகிவிட்டார்கள், குளிப்பாட்ட வாருங்கள் என்று. அப்போது நாளைக்கு ஆறு, ஏழு என்று பெண் மையத்துகள், உமைனாவுக்குக் கை ஓயவில்லை. தொழில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணி மூட வேண்டும், கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும், உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து வயிற்றை மெல்ல அழுத்த வேண்டும், உள்ளே மிச்சம் இருப்பது போகட்டும் என்று, அப்புறம் வலது பக்கம் தொடங்கி மூன்று முறை தண்ணீர். அந்த மாதங்களில் வயிற்றை அழுத்துவது வெறும் சடங்காகிப் போயிருந்தது. கையை வைத்தால் முதுகெலும்பு தட்டுப்படும், எதுவும் வராது, எங்கிருந்து வரும்? அந்தக் கிழவியின் வயிற்றை அழுத்தினாள், வந்தது. நாலு தரம் துணி மாற்ற வேண்டியிருந்தது. உமைனாவுக்கு முதலில் சந்தோஷம், அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஒரு வயிறு ஒழுங்காக வேலை செய்திருக்கிறதே என்று தொழில்காரியின் அசட்டுச் சந்தோஷம். பிறகுதான் விலாவின் சதை கையில் பட்டது. பிறகு வாயைத் துடைக்கப் போனாள், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு துண்டு ரொட்டி இருந்தது, கோதுமை ரொட்டி, மென்று விழுங்குவதற்குள் கிழவிக்கு உயிர் போயிருக்கிறது. ஊரில் உள்ள தானியத்தையெல்லாம் பொதுக் களஞ்சியத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவு போட்டு, வீடு வீடாக இரும்புக் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்து, என்னிடம் ஒரு மணிகூட இல்லை என்று ஹம்தூன் பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கட்டிலுக்குக் கீழே தரை புதிதாக மெழுகியிருந்தது. மூத்திரத்துணி நாறும் கிழவி படுத்திருக்கும் கட்டிலைத் தூக்கிக் கம்பியால் குத்த எந்தச் சேவகனுக்கு மனசு வரும்? உமைனா ரொட்டித் துண்டைத் துணியில் முடிந்துகொண்டாள், தூக்கி எறியத்தான் முடிந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது முடிச்சிலேயே இருந்தது. லுபாபா அதை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தின்றாள்.

கண்டதைச் சொல்லக் கூடாது. குளிப்பாட்டுகிறவளுக்கு இருக்கிற ஒரே சட்டம் இதுதான். உடம்பில் புண் இருக்கும், சூடு போட்ட தழும்பு இருக்கும், கல்யாணமாகாதவள் வயிற்றில் வரி இருக்கும், எதைப் பார்த்தாலும் வாசலுக்கு வந்து முகம் ஒளியாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்கிறாள், இந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேரின் ரகசியம் அவளோடு படுத்து எழுந்திருக்கிறது, யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அன்றைக்கும் வாசலுக்கு வந்து முகம் ஒளியாக இருக்கிறது என்றாள். ஹம்தூன் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள், அவ்வளவுதான், பேரமும் இல்லை மிரட்டலும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை ஒரு வேலைக்காரி வந்து உம்மா பேரில் தருமம் என்று ஒரு சிறு பையை வைத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும். ஊர் விழுகிற வரைக்கும் வியாழக்கிழமை தவறவில்லை, மனுஷன் நேர்மையானவர்தான். சட்டத்துக்காகத்தான் வாயை மூடினேன் என்று உமைனா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். முதல் வியாழக்கிழமைக்கு முன்பே மூடிவிட்டேனே, அப்போது மாவு எங்கே வந்தது? ஆனால் துணி முடிச்சு வந்துவிட்டதே, அது கூலி இல்லையா? அதை எறியத்தானே முடிந்தேன். எறிந்தாயா? சட்டம் மையத்தின் மானத்தைக் காக்க, மாவு வணிகரின் குழியைக் காக்கவா? கிழவி தின்றாள் என்று சொல்வது கிழவியின் மானம் இல்லையா? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை செக்கு மாடாய் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தக் குழியில் எவ்வளவு இருந்திருக்கும், ஒரு தெருவுக்கு ஒரு மாதம் வருமா, ஊருக்கு நாலு நாள் வருமா, அந்த நாலு நாளில் தெற்கேயிருந்து உதவிப் படை வந்திருக்குமா, வராது, வருவதாக ஏழு மாதமும் சொன்னார்கள், வரவே இல்லை, ஆகவே அவள் சொல்லியிருந்தாலும் ஊர் விழுந்துதான் இருக்கும். ஊர் விழட்டும், அவள் அதற்காக அழவில்லை. ஊர் அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. கவ்லாவின் பிள்ளைகள்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஒரு குழிக்கு ஊரைக் காப்பாற்ற முடியாமல் இருக்கலாம், ஒரு பைக்கு மூன்று பிள்ளைகளைக் காப்பாற்ற முடிந்திருக்கும்.

கவ்லா மடியில் எதையோ பிரித்துப் பார்த்து மறுபடி முடிந்துகொண்டாள். வரிசை நகர்ந்தது. இப்போது முன்னால் பத்துப் பேர். உமைனா சுற்றிலும் பார்த்தாள், முன்னால் விட இனிமேல் கிழவர்களோ கைக்குழந்தைக்காரிகளோ பின்னால் யாருமில்லை, இரண்டு தடியன்கள்தான் நின்றார்கள், அவர்களை விட்டால் கவ்லாவே சந்தேகப்படுவாள். மூன்று பிள்ளைகளில் முதலில் செத்தவன் சாபித், கவ்லாவின் மூத்தவன், எட்டு வயது, அவன் அப்பா மதில்மேல் கல்லடி பட்டுச் செத்த நாற்பதாம் நாள். அப்புறம் சின்னவன் கைஸ். கடைசியில் அர்வா, நாலு வயது. மூவரையும் உமைனாவே குளிப்பாட்டினாள், ஆண் பிள்ளையென்றாலும் சின்னப் பிள்ளை, குளிப்பாட்டலாம். சாபித் போவதற்கு முந்தின நாள் அவள் ஒரு பிடி மாவை முக்காட்டு முனையில் முடிந்துகொண்டு அந்த வீட்டு வாசல் வரைக்கும் போனாள். இது சத்தியம். கதவு திறந்துதான் இருந்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான், கவ்லா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள், உடம்பில் உட்கார ஈக்கும் ஆசை இல்லாத மாதிரி இருந்தது. இந்த ஒரு பிடியைக் கொடுத்தால் ஏது என்று கேட்பாள், ஏது என்று சொன்னால் நாளைக்கும் கேட்பாள், கேட்காவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் கேட்கும், தெரு கேட்கும், ஹம்தூன் நிறுத்திவிடுவார், லுபாபா? தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டாள். எவ்வளவு நல்ல மனசு, தூக்கத்தைக் கெடுக்க மனசு வராத மனசு. மறுநாள் பையன் எழுந்திருக்கவில்லை. அர்வா போன அன்றைக்குக் கூப்பாடு கேட்டபோது உமைனா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், புகை வெளியே தெரியாமல் கூரைத் துளையை ஈரச்சாக்கால் மூடி, அடுப்பில் கல்லைப் போட்டுவிட்டு. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பிள்ளையைக் கிடத்தி, முட்டுவரை துணி மூடி, வயிற்றில் கையை வைத்தாள். அப்போதுதான் பார்த்தாள், பெருவிரல் நகக்கண்ணில் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அந்த வயிற்றின்மேல் அந்த நகம். கவ்லா எதிரே உட்கார்ந்து தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளா? பார்த்தால் கேட்டிருப்பாள். கேட்கவில்லை, ஆகவே பார்க்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்தவள் இந்தத் தெருவில் நான் மட்டும்தானா? "லாத்தா, எம் புள்ளை வேதனைப்பட்டுச்சா? உங்களுக்கு உடம்பைப் பார்த்தா தெரியும்ல, சொல்லுங்க" என்றுதான் கவ்லா கேட்டாள். முகம் ஒளியாக இருக்கிறது என்றாள் உமைனா. நானும் பட்டினிதான் என்று பிற்பாடு எத்தனை தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள், கையைப் பாரு குச்சி, காலைப் பாரு குச்சி, எல்லாம் மகளுக்குத்தான் போட்டேன், நான் ஒரு வாய் தின்னவில்லை. அதுவும் பொய். சில நாள் தின்றாள். சட்டியைக் கழுவிக் குடித்தது கணக்கில் வராது என்றாலும் சில நாள் தின்றாள்.

ஊருக்குள்ளிருந்து புகை எழுந்தது, தீப்பிடித்த புகை இல்லை, அடுப்புப் புகை. வாசனை வந்ததும் வரிசை முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. ஹம்தூன் கடை திறந்துவிட்டார். நேற்றுக் காலை சிலுவைக் கூடாரம் திறந்ததும் முதல் ஆளாகப் போனவர் அவர்தான், மனைவி மக்கள் வேலைக்காரர் பதினெட்டுப் பேரோடு. வீடு கிடைத்தது, கடை கிடைத்தது, கட்டிலுக்குக் கீழே இருந்த குழியும் கிடைத்தது, இப்போது ரூமிப் படைக்கு ரொட்டி சுடுகிறார். அங்கே போகிறவர்கள் எல்லாரும் அவரைப் போல இல்லை, அது உமைனாவுக்குத் தெரியும், பிள்ளைக்காக, பெண்டாட்டிக்காக, மலடாகக் கிடக்கிற ஒரு துண்டு நிலத்துக்காக வாயைக் கடித்துக்கொண்டு போகிறார்கள், திரும்பி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்க்காதீர்கள், அதுதான் நல்லது, யாரும் யாரையும் பார்க்காத ஊராகவே இது இருந்துவிட்டால் எவ்வளவு வசதி. வெறுங்கூடாரத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், தோல் பதனிடும் தெருக்காரிகள், அவளைத் தேடித்தான். "உமைனாம்மா, நாங்க முப்பத்தி நாலு பேரு நடக்கிறோம். பாதிப் பேருக்குத் தெம்பில்லை, வழியில விழுவாங்க. குளிப்பாட்ட ஒரு ஆள் வேணும். நீங்க வந்தா எங்களுக்குத் தைரியமா இருக்கும்." உமைனா வாயைத் திறப்பதற்குள் கவ்லா எழுந்துவிட்டாள். "அவங்களைக் கேக்காதீங்க. அவங்க புள்ளை உள்ள இருக்கா. காலையிலேருந்து அவங்க படுற பாடு எனக்குத்தான் தெரியும். வழியில யாராவது விழுந்தா நான் குளிப்பாட்டுறேன், மூணு தரம் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்." அந்தப் பெண்கள் உமைனாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். எந்தக் கையை என்று ஒற்றினார்களோ.

முன்னால் நாலு பேர். சூரியன் கோபுரத்துக்கு ஒரு முழம் மேலே நின்றது. வண்டிக்காரர்கள் மாடுகளைப் பூட்டத் தொடங்கினார்கள். "கவ்லா, நீ போயிடு. அவங்க கிளம்பிடுவாங்க, தனியா எப்படிப் போவே?" "முரசு அடிச்ச பிறகுதான் கிளம்புவாங்க லாத்தா." "புள்ளை உன்னைப் பார்த்தா அழுவா." "அழட்டும், நானும் அழறேன், நாலு மாசமா அழ ஆளில்லாம இருக்கேன்." கவ்லா மடியைப் பிரித்தாள். நேற்று ரூமிச் சிப்பாய்கள் ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுத்தார்கள். அதில் பாதி அங்கே இருந்தது. "பசியோட வருவா. நேத்தே எடுத்து வச்சேன். எனக்கு இனிமே இறங்க மாட்டேங்குது." உமைனா அந்தப் பாதி ரொட்டியைப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, சாதாரண ஆத்திரம் இல்லை, அந்த ரொட்டியைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதிக்க வேண்டும் போல, இந்த எலும்புக்கூட்டின் கன்னத்தில் அறைய வேண்டும் போல. நீ ஏன் இவ்வளவு நல்லவளாக இருந்து தொலைக்கிறாய்? ஒரு தரமாவது உன் மகளுக்கு மட்டும் எப்படி உயிர் இருக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாதா? அப்போது ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், உமைனாவுக்கு வேறு ஒரு நினைப்பு வந்தது. முரசு அடித்துவிடட்டும். பேசாமல் நின்றால் போதும், அதுவே அடித்துவிடும். வண்டி போய்விடும், பட்டி காலியாகிவிடும், யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை, மார்க்கத்துக்காக மகளையே விட்டாள் உமைனா என்று முப்பத்தி நாலு பேரும் அவள் பின்னால் நடப்பார்கள், கவ்லா தோளில் தலைவைத்து அழுவாள். மூச்சு வெளியே வந்ததும் நினைப்பு என்னவென்று புரிந்தது. இவ்வளவு நாள் மகளுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்ற ஒன்றாவது மிச்சமிருந்தது. பிடிபடாமல் இருக்க மகளையே கொடுக்கவும் துணிந்த மனசு தன்னுடையது என்று இன்று தெரிந்துவிட்டது. அவள் முன்னால் நின்ற ஆளைத் தள்ளாத குறையாக நெருங்கி நின்றாள்.

கூடாரத்துக்குள் நிழலாக இருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், மூன்று முறை. அவளுக்குப் பழகிய எண்ணிக்கைதான், குனிந்திருக்கும்போது அடுத்தது வயிற்றை அழுத்துவார்கள் என்று உடம்பு தானாக எதிர்பார்த்தது. அவர்கள் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொன்னாள், நாக்குப் புரண்டது, யாரும் கவலைப்படவில்லை. பிறகு ஒரு பலகைக்குப் பின்னால் எழுத்தன் ஒருவன், அவன் பக்கத்தில் மொழிபெயர்க்க உள்ளூர்க்காரன் ஒருவன். யார் வேண்டும்? மகள், லுபாபா. அடையாளம் சொல். கண்டவரும் வந்து கண்ட பெண்ணைக் கேட்டுவிடக் கூடாதாம், உடம்பில் உள்ள அடையாளம் சொல்ல வேண்டுமாம். முப்பது வருஷத்தில் ஒரு உடம்பைப் பற்றியும் வாய் திறக்காதவள், முதல் தடவையாகத் தன் மகளின் உடம்பைப் பற்றி, உயிரோடிருக்கும் உடம்பைப் பற்றி, இரண்டு ஆண்களிடம் சொன்னாள். இடது கழுத்தில் மச்சம். வலது முழங்கைக்குள் சுட்ட வடு, புதுசு. எப்படிச் சுட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. மூடிய கூரைக்குக் கீழே அவசரமாக ரொட்டி திருப்பியதில் சுட்டது. உள்ளூர்க்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுத்தனிடம் ஏதோ சொல்லிக் கன்னங்களை ஊதிக் காட்டினான். எழுத்தன் சிரித்தான். வெளியே போய் நில், வருவாள் என்றார்கள்.

வெளியே வந்தாள். ஈரத்தலையோடு, கவ்லாவைப் பார்க்காமல் நின்றாள். கவ்லா கட்டையிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து தன் முக்காட்டு நுனியால் அவள் தலையைத் துடைத்துவிட்டாள், ஒன்றும் கேட்காமல். பட்டியின் வாசல் திறந்தது. வேளை இருந்ததே, ஒரு துணி போர்த்தியிருக்கலாம், முகத்தை மூடச் சொல்லியிருக்கலாம், ஏன் யோசிக்கவில்லை? சிப்பாய் ஒருவன் முன்னே வர, லுபாபா முக்காடு சரிந்து தோளில் கிடக்க, சாய்ந்த வெயிலுக்கு நேரே நடந்து வந்தாள். பட்டிக்கும் கூடாரத்துக்கும் நடுவே நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு மாதமாக யாரும் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. கன்னம் இருந்தது, கழுத்தில் சதை இருந்தது, கைமுட்டியில் எலும்பு துருத்தவில்லை. பெற்றவளுக்கு அவளை இறுக அணைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, மறைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. லுபாபா ஓடி வந்து உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தலை தூக்கி, "கவ்லா மாமி" என்றாள். கவ்லா மடியிலிருந்து அந்தப் பாதி ரொட்டியை எடுத்து ஏற்கெனவே நீட்டியிருந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பாதி ரொட்டியைப் பார்த்துவிட்டு, மாமியின் கையைப் பார்த்துவிட்டு, நல்லபடியாக வளர்ந்த பிள்ளை சொல்கிற மாதிரியே லுபாபா சொன்னாள்: "எனக்குப் பசிக்கல மாமி. நீங்க சாப்பிடுங்க."

கவ்லா அவள் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு விரலால், சந்தையில் துணி தொட்டுப் பார்க்கிற மாதிரி, சதையைக் கொஞ்சம் பிடித்து விட்டாள். கை கீழே இறங்கி முழங்கையின் வடுவில் நின்றது. அப்புறம் உமைனாவின் வலது கையை எடுத்துத் திருப்பினாள். பெருவிரல் நகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் வெகுநேரம் பார்த்தாள். அப்போது பார்த்திருக்கிறாள். அர்வா கிடந்த அன்றைக்கே பார்த்து, என்னவென்று தெரியாமல், அல்லது தெரிய வேண்டாமென்று, எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள். உமைனா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கத்து. மண்ணை வாரித் தூற்று. இந்த இடத்தில் இத்தனை பேர் நிற்கிறார்கள், எல்லாருக்கும் ஒரு பிள்ளையாவது போயிருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லால் அடித்தே கொல்வார்கள், சிப்பாய்கள்கூடத் தடுக்க மாட்டார்கள், சொல்லு, சொல்லித் தொலை.

"புள்ளை நல்லா இருக்கா, லாத்தா" என்றாள் கவ்லா.

கையை விட்டாள். ரொட்டியை மறுபடி மடியில் முடிந்துகொண்டு வெறுங்கூடாரத்தைப் பார்த்து நடந்தாள், அடிக்கட்டைகளைச் சுற்றிச் சுற்றி, அவசரப்படாமல். அங்கே தோல் பதனிடும் தெருப் பெண்கள் இருவரும் எழுந்து அவளிடம் ஏதோ கேட்டார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் கை காட்டிக்கூடக் கேட்டாள். கவ்லா தலையை மட்டும் அசைத்துவிட்டு அவர்கள் நடுவே உட்கார்ந்துகொண்டாள். முரசு அடித்தது. முப்பத்தைந்து பேரும் எழுந்து தெற்குப் பாதையில் நடக்கத் தொடங்கினார்கள், உமைனா கடைசி ஆள் கண்ணுக்கு மறையும் வரைக்கும் அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றாள், எங்கேயாவது பாதித் தூரத்தில் அவள் நின்று திரும்பி ஓங்கிக் கத்துவாள் என்று. கத்தவில்லை. கவ்லா கண்டதை யாரிடமும் சொல்லவில்லை, அதற்காக அவள் யாரிடமும் மாவு வாங்கவும் இல்லை. "உம்மா, வீட்டுக்குப் போகலாமா?" என்றாள் லுபாபா. ஹம்தூனின் அடுப்புப் புகை தெரிந்த திசையில்தான் வீடு இருந்தது, இருவரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.